நிரப்பாத கட்டம்

ஜன்னல் பக்கம் நீங்களே இருங்கம்மா. எனக்கு எதுத்த காத்து ஆகாது, கண்ணு ஆப்பரேஷன் பண்ணி இன்னும் ஒரு மாசம் முடியல. அந்தப் பைய மட்டும் கொஞ்சம் இங்கிட்டுத் திருப்புங்க. அதுல ஒரு பட்டன் குத்தியிருக்கே, வானவில் கலர்ல கோடு போட்டு நடுவுல 'தோழமை'ன்னு எழுதியிருக்குல்லா, அதேதான். நம்ம பல்கலைக்கழகமா? அப்படிச் சொல்லுங்க. கோவில்பட்டியில ஏறும்போதே கண்ணுல பட்டுச்சு. வேற சீட்டெல்லாம் காலியாக் கெடக்க, கிழவன் இங்க வந்து உக்காருதானேன்னு கண்டக்டர் கூட ஒரு மாதிரியாப் பாத்தாரு. தப்பா எடுத்துக்கிடாதீங்க. சண்டைக்கு வரல. அந்தக் குழுவுக்கு முதமுதல்ல ஃபைல் போட்டு நம்பர் கொடுத்தவனே நான்தான்.

என் பேரு ஆவுடையப்பன். மாணவர் நலப் பிரிவு சூப்பிரண்டுன்னா பழைய ஆளுங்களுக்குத் தெரியும். முப்பத்திநாலு வருஷம் சர்வீஸ். ஒரு மெமோ கிடையாது, ஒரு தணிக்கைக் குறிப்பு கிடையாது. கடைசி வருஷத்துல ஒழுங்கு விதி பதினேழு ஏ-ல நடவடிக்கை எடுத்து, விளக்கம் கேட்டு, விடைத்தாள் கிடங்குல கொண்டு தள்ளிட்டாவ. எலிப் புழுக்கைக்கு நடுவுல உக்காந்து ரிட்டயர்டு ஆனேன். சால்வையே அங்க இருந்த வாச்மேன்தான் போட்டான். எதுக்கு இவ்வளவும்? ஒரு கட்டத்துக்கு. ஒரே ஒரு கட்டம்மா. பதினாலாம் கட்டம்.

நீன்னு சொல்லலாமா? எம் பொண்ண விடச் சின்னவளா இருப்ப. சரி.

ரெண்டு வருஷத்துக்கு முந்தி மேலருந்து ஒரு சுற்றறிக்கை வந்துச்சு. ஆணை விரும்புற ஆணு, பொண்ணை விரும்புற பொண்ணு, ரெண்டையும் விரும்புறவங்க, திருநங்கை, திருநம்பி, இப்படிப்பட்ட மாணவர்களுக்குத் துணையா வளாகத்துல ஒரு குழு அமைக்கணும், கேலி கிண்டல் இல்லாம பாத்துக்கிடணும்னு. மத்தவனா இருந்தா அதை அப்படியே கட்டுல கட்டிப் பரண்ல வீசியிருப்பான். பக்கத்துச் சீட்டுக்காரன் சிரிச்சான், உங்களுக்கு எதுக்கு சார் இந்த வம்புன்னான். ஏய், சுற்றறிக்கைன்னா சுற்றறிக்கை, இதுல சிரிக்க என்ன இருக்குன்னு நான் அவனைச் சத்தம் போட்டேன். இதை நீ நல்லாத் தெரிஞ்சுக்கிடணும். எனக்கு அந்தப் பிள்ளைகள் மேல ஒரு வெறுப்பும் கிடையாது. அவங்களுக்கு இந்தக் கையால எவ்வளவோ செஞ்சிருக்கேன்.

எஸ்தர் மேடத்தத்தான் ஒருங்கிணைப்பாளராப் போட்டாவ. உனக்குத் தெரியும்லா, விலங்கியல் துறை. நல்ல மனுஷி, ஆனா ஆபீஸ் நடைமுறை சுத்தமாத் தெரியாது. அரைத் தாள் ஒண்ணை எடுத்துக்கிட்டு வந்தாவ. பேரு, போன் நம்பர். அவ்வளவுதான் அதுல. 'இது போதும் சார், சேர விரும்புற பிள்ளைங்க இதை எழுதிக் கொடுத்தாப் போதும்'னாவ. எனக்குச் சிரிப்பு வந்துட்டு. மேடம், இதுக்குப் பேரு விண்ணப்பமா, மளிகைக் கடைக்குப் பட்டியல் கொடுத்தாக்கூட இதைவிட நீளமா இருக்குமேன்னேன். நீங்க போங்க, நான் தயார் பண்ணுதேன்னு சொல்லி, ரெண்டு நாள் உக்காந்து ஒரு படிவம் தயார் பண்ணினேன். பேரு, தகப்பனார் பேரு, நிரந்தர விலாசம் பின்கோடோட, துறை, வருஷம், விடுதி அறை எண். பதிமூணாவது, சேர விரும்புவதற்கான காரணத்தை விரிவாக எழுதவும், நாலு வரி இடம். பதினாலு, பெற்றோர் அல்லது பாதுகாவலர் கையொப்பம்.

ஏன் அதைப் போட்டேன்னு விசாரணையில கேட்டாவ. என்னத்தச் சொல்ல? எங்க வளாகத்துல அந்தக் கட்டம் இல்லாத படிவம் ஒண்ணு காட்டு பாப்போம். விடுதியில சேரணுமா, பெத்தவங்க கையெழுத்து. பஸ் பாஸா, பெத்தவங்க கையெழுத்து. சுற்றுலாவா, ரத்த தானமா, பெத்தவங்க கையெழுத்து. முப்பத்திநாலு வருஷமா கை தானாப் போடுதும்மா. பதினெட்டு வயசு முடிஞ்சாச்சுன்னா அந்தக் கையெழுத்து தேவையில்லன்னு எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனா படிவத்துக்கு அடியில இடது பக்கம் வெறுமையா இருந்தா, பொட்டு வைக்காத முகம் மாதிரி இருக்கும் எனக்கு.

ஐநூறு காப்பி அச்சடிச்சு வந்த பெறகுதான் மேடம் பாத்தாவ. முகம் செத்துப் போச்சு. 'சார், இந்தப் பிள்ளைங்க வீட்டுக்குத் தெரியக் கூடாதுன்னுதானே நம்மகிட்ட வாராங்க, இதுல போயி அப்பா கையெழுத்துக் கேட்டா எப்படி'ன்னாவ. நியாயம்தான். அடுத்த அச்சுல எடுத்திருதேன் மேடம், இப்போதைக்கு அந்தக் கட்டத்த விட்டுட்டு எழுதச் சொல்லுங்க, நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்னேன். நம்பிட்டுப் போயிட்டாவ.

அந்த வருஷம் ஏழு விண்ணப்பம் வந்துச்சு. ஏழே ஏழு. அதுல ஆறுல பதினாலாம் கட்டம் நிரம்பியிருந்துச்சு. ஆறு அப்பனுக்கும் ஒரே பேனா, ஒரே சாய்வு. எவனோ ஒருத்தன் கேண்டீன்ல உக்காந்து ஆறு பேருக்கும் கையெழுத்துப் போட்டிருக்கான். எனக்குத் தெரியாதா? கையெழுத்தப் பாத்தா ஆளத் தெரியாதவனா நான்? பேசாம வாங்கி வச்சுக்கிட்டேன். கட்டம் நிரம்பியிருந்தா ஆபீஸுக்குப் போதும்.

ஏழாவதுதான் செண்பகவல்லி.

இது என்ன, கயத்தாறா? தண்ணி இருக்கா உங்கிட்ட? ஒரு மடக்கு கொடு. போதும்.

தாவரவியல், முதுகலை ரெண்டாம் வருஷம். ஒல்லியா, சோடாப்புட்டிக் கண்ணாடி போட்டுக்கிட்டு, தாளை மூக்குக்கிட்ட வச்சு வாசிக்கிற பிள்ள. கூடவே ஒருத்தி நிப்பா, சகாய டெய்சின்னு, மணப்பாட்டுப் பக்கம் ஊரு. ஒருத்தி கவுண்டர்ல நின்னா இன்னொருத்தி தூணுகிட்ட நிப்பா. அன்னைக்கு இந்தப் பிள்ள படிவத்தை நீட்டிக்கிட்டு மெதுவாக் கேட்டுது. 'சார், இந்தப் பதினாலு... விட்டுறலாமா சார்?' நான் நிமிர்ந்து கூடப் பாக்கல. விட்டுரும்மா, ஒண்ணும் பிரச்சனை இல்லன்னேன். 'வேற யாரும் பாக்க மாட்டாங்கல்லா சார்?' யாரு பாக்கப் போறா, என் பீரோவுலதான் இருக்கும்னேன். அப்போ ஒரு சிரிப்பு சிரிச்சுது பாரு. திரும்பி டெய்சியப் பாத்துத் தலையாட்டிட்டுப் போச்சு.

அதுக்குப் பெறகு நடந்தது நடைமுறைம்மா. குறை உள்ள விண்ணப்பம் வந்தா, குறையைச் சிவப்பு மையில சுழிச்சு, 'குறை நிவர்த்தி செய்து திருப்பி அனுப்பவும்'னு ஒரு அச்சுத் தாளும் வச்சு, நிரந்தர விலாசத்துக்குப் பதிவுத் தபால்ல போகும். உதவித்தொகை விண்ணப்பம் எத்தனையோ ஆயிரம் அப்படிப் போயிருக்கு. இதுவும் போச்சு. தபால் பிரிவுல கணேசமூர்த்தின்னு ஒருத்தன், கூறு கெட்ட பய, எது போகணும் எது போகக் கூடாதுன்னு தெரியாது, கவரைப் பாத்தா முத்திரை குத்துவான். அவனும் குத்தினான். எய்தவன் இருக்க அம்பை நோவானேன்னு சொல்லுவாவ. நடைமுறையை எழுதி வச்சவன் எங்கயோ இருக்கான், மாட்டினது நானு.

பத்து நாள்ல ஒப்புகை அட்டை திரும்பி வந்துச்சு. பால்ச்சாமின்னு கையெழுத்து, ஒவ்வொரு எழுத்தாக் கூட்டிப் போட்டது. பதினாலாம் கட்டத்துல இல்லாத கையெழுத்து அட்டையில வந்து சேந்துச்சு. அதையும் ஃபைல்ல கோத்து வச்சேன்.

அதுக்கு மூணாம் நாள் அவரே வந்துட்டாரு. கூட மச்சினன் ஒருத்தன். நேரா என் கவுண்டருக்குத்தான் வந்தாரு. வெள்ளை வேட்டி, கையில அந்தக் கவர். 'சார், இது என்ன குழு? எம் மக இதுல என்ன எழுதியிருக்கா? நான் எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பேன், சரியாத்தான் வாசிச்சேனான்னு நீங்க சொல்லுங்க'ன்னாரு. நான் பொறுமையா விளக்கினேன். கேலி கிண்டல் தடுக்குற குழு, அரசாங்கமே சொல்லியிருக்கு, பயப்பட ஒண்ணுமில்ல, நீங்க இந்த இடத்துல ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும்னு சொல்லிப் பேனாவக் கூட நீட்டினேன். சத்தியமாம்மா. போட்டுருவாருன்னுதான் நெனச்சேன். அவரு பேனாவ வாங்கல. அந்த நாலு வரி மேல வெரல வச்சுக்கிட்டு அப்படியே நின்னாரு.

அந்த நாலு வரி எனக்கு மனப்பாடம். 'நானும் என் தோழி டெய்சியும் ஒருவரையொருவர் விரும்புகிறோம். விடுதியில் எங்களைப் பேசுகிறார்கள். நாங்கள் யாருக்கும் கெடுதல் செய்யவில்லை. பயம் இல்லாமல் படிப்பை முடிக்க வேண்டும், அதற்கு ஒரு துணை வேண்டும்.' நல்ல கையெழுத்து. ஒரு அடித்தல் கிடையாது.

மேடம் வெறும் பேரு மட்டும்தான் கேட்டாவ. விரிவாக எழுதவும்னு போட்டவன் நானு.

அங்கருந்து விடுதிக்குப் போயிருக்காவ. அந்தப் பிள்ள அப்போ குழாயடியில மொகம் கழுவிக்கிட்டு இருந்திருக்கு. கண்ணாடியக் கழத்தி மேடையில வச்சிருக்கு. மாமன்காரன் கையப் பிடிச்சவன் விடல. யாரு, என்னன்னு அதுக்கு மொகமே தெரிஞ்சிருக்காது. வார்டன் வந்து கேக்கதுக்குள்ள ஆட்டோ கேட்டத் தாண்டியாச்சு. மறு வாரம் பால்ச்சாமி மட்டும் வந்து மாற்றுச் சான்றிதழ் வாங்கிட்டுப் போனாரு. நான்தான் தயார் பண்ணிக் கொடுத்தேன். நடத்தைங்கிற இடத்துல 'மிக நன்று'ன்னு எழுதினேன். வழக்கமா 'நன்று'தான் எழுதுவோம்.

என்னம்மா, இப்படிப் பாக்க? நான் ஒண்ணும் மறைக்கலையே.

டெய்சி கதையக் கேளு. பதினோரு நாள் வந்தா. தினமும் பத்தரை மணிக்கு, கவுண்டர் தெறந்த ஒடனே. 'சார், செண்பகா வீட்டு விலாசம் மட்டும் கொடுங்க சார். போன் அணைஞ்சு கெடக்கு. ஊருப் பேரு கூட எனக்கு ஒழுங்காத் தெரியாது, கோவில்பட்டிப் பக்கம்னு மட்டும்தான் சொல்லியிருக்கா.' நான் கண்டிப்பாச் சொல்லிட்டேன். மாணவர் விலாசம் ரகசியம்மா, மூணாம் ஆளுக்குக் கொடுக்க விதி இடம் கொடுக்காதுன்னு. அவ கேட்டா, 'நான் மூணாம் ஆளா சார்?' பின்ன? மாணவி ஒண்ணு, பெத்தவங்க ரெண்டு, நீ மூணுன்னு வெரல் விட்டு எண்ணிச் சொன்னேன். விதின்னா எல்லாருக்கும் ஒண்ணுதானே. அழல அவ. அழுதா நமக்கும் ஒரு மாதிரி இருக்கும். அவ அப்படியே நின்னுக்கிட்டிருப்பா, பெறகு போயிருவா.

கடைசி நாளு ஒரு கண்ணாடிக் கூடு கொண்டு வந்தா. 'விலாசம் வேண்டாம் சார். நீங்களே கவர்ல போட்டு அனுப்பிருங்க. மைனஸ் ஏழு சார் அவளுக்கு. கண்ணாடி இல்லைன்னா படி கூடத் தெரியாது.' வாங்கி வச்சுக்கிட்டேன். பாக்குதேம்மான்னேன். ஆனா எந்தத் தலைப்புல அனுப்ப? ஆபீஸ் தபால்ல தனியார் பொருள் போகக் கூடாது. கோரப்படாத பொருட்கள்னு ஒரு பீரோ இருக்கு, அதுல வச்சேன். அந்த வாரமே எஸ்தர் மேடம் துணைவேந்தர்கிட்டப் போயிப் புகார் சொல்ல, எனக்கு மெமோ வந்துட்டு. கிடங்குக்குப் போம்போது அந்தக் கூட்டையும் எடுத்துக்கிட்டுப் போனேன். விட்டுட்டுப் போனா ஏலத்துல தூக்கி எறிஞ்சிருவானுவ.

எம் மக மெட்ராஸ்ல இருக்கா, கட்டிக் கொடுத்தாச்சு. மெமோ வந்த அன்னைக்கு போன்ல அவகிட்டப் புலம்பினேன். முப்பத்திநாலு வருஷம் கை சுத்தமா இருந்தவனுக்கு இப்படி ஒரு பேரான்னேன். அவ முழுசாக் கேட்டுட்டு, 'நல்லவேளைப்பா, நான் உங்க வளாகத்துல படிக்கல'ன்னா. இதுல அவ படிச்சா என்ன, படிக்கலைன்னா என்ன? எதுக்கு அப்படிச் சொன்னான்னு இன்னும் எனக்குப் பிடிபடல.

போன மாசம் எனக்குப் புரை எடுத்தாவ. ஒரு கண்ணுக்குக் கட்டு, இன்னொரு கண்ணு ஏற்கெனவே மங்கல். மறுநாள் காலையில வாசப் படி தெரியாம இடறிக் குப்புற விழுந்தேன். மூக்குல ரத்தம். எம் பொஞ்சாதி ஓடி வந்து தூக்குதா, எனக்கு அவ மொகம் தெரியல, வெறும் கலங்கல். அப்போ டெய்சி சொன்னது காதுல விழுந்துச்சு. படி கூடத் தெரியாது சார்னாளே. நான் ரெண்டு நாளைக்கே இப்படி விழுந்து கெடக்கேன், அந்தப் பிள்ள ஒரு வருஷத்துக்கு மேல எப்படி நடமாடுதோன்னு நெனச்சேன். கட்டுப் பிரிச்ச கண்ணோட இன்னைக்குக் காலையில பஸ் ஏறிட்டேன்.

ஆமா, அவ வீட்டுக்குப் போயிட்டுத்தான் வாரேன். இங்க பாரு, மடியில இருக்குல்லா, இதான் அந்தக் கூடு.

வழி விசாரிச்சு நேராப் போயி நின்னேன். எந்த மொகத்த வச்சுக்கிட்டு நின்னேன்னு கேக்காத. பால்ச்சாமி வெளிய வந்தாரு. அருவாளத் தூக்குவாரோ, காறித் துப்புவாரோன்னு ரெண்டு அடி பின்னால நகந்தேன். அவரு என்ன செஞ்சாரு தெரியுமா? ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டாரு. 'சார், நீங்களா! வாங்க, வாங்க. நீங்க மட்டும் அந்தத் தபால அனுப்பலைன்னா எங்க குடும்பம் சந்தி சிரிச்சிருக்கும் சார். தெய்வம் மாதிரி சார் நீங்க.' நாற்காலியத் தொடைச்சுப் போட்டாரு. பொஞ்சாதியக் கூப்பிட்டு, 'இந்த சார்தான்'னாரு. அந்தம்மா கும்பிட்டாவ.

'தை பதினொண்ணு கல்யாணம் சார். மாப்பிள்ளை திருப்பூர்ல இருக்காரு. நீங்க அவசியம் வரணும்'னு பத்திரிகை கொடுத்தாரு. பிள்ள சம்மதிச்சுட்டாளான்னு கேட்டேன். 'அவள என்ன கேக்க, மூணு தடவ ஓடப் பாத்தா, ரெண்டு தெரு தாண்டல, கண்ணுதான் தெரியாதே'ன்னு சிரிச்சாரு. கண்ணாடி வாங்கிக் கொடுக்கலையான்னேன். 'புதுசு எதுக்கு சார்? சோடாப்புட்டியப் பாத்தா மாப்பிள்ளை வீட்ல என்ன சொல்லுவாவ? வாசிச்சதெல்லாம் போதும். கல்யாணம் முடியட்டும், அவங்க பாடு'ன்னாரு.

அப்போ அது காப்பி கொண்டு வந்துச்சு. ஒரு கையில தம்ளர். மறு கையால ஸ்டூலோட ஓரத்தத் தடவிப் பாத்து, அதுக்குப் பெறகு மெதுவா வச்சுது. நெத்தியில பழைய வெட்டுக் காயம். எங்க விழுந்துச்சோ. வந்தது யாருன்னு அதுக்குத் தெரியல. நான் வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். நல்லா இருக்கியாம்மான்னு கேட்டுட்டேன். மொகம் என் பக்கம் திரும்பிட்டு. குரல் தெரிஞ்சுட்டு அதுக்கு.

நான் திக்குமுக்காடி, பால்ச்சாமியப் பாத்து, ஒரு பேப்பர் விஷயம், அதான் வந்தேன்னு என்னமோ உளறினேன். உடனே அந்தப் பிள்ள கைய நீட்டிச்சு. எந்தப் பக்கம் பேப்பர் இருக்குன்னு தெரியாம வெறுங்காத்துல கைய நீட்டிக்கிட்டு, 'எங்க சார் கையெழுத்துப் போடணும்?'னு கேட்டுது. கோவமாக் கேக்கலம்மா. கோவமாக் கேட்டிருந்தாத் தாங்கியிருப்பேன். கவுண்டர்ல கேட்டுச்சே, அதே மாதிரி பணிவாக் கேட்டுது. ஒண்ணும் வேண்டாம்மா, எல்லாம் சரியா இருக்குன்னேன். எல்லாம் சரியா இருக்குன்னு சொல்லிட்டு வந்திருக்கேன் நானு.

ஏன் கொடுக்கல, ஏன் கொடுக்கலன்னா என்ன சொல்ல? கூடு பையிலதான் இருந்துச்சு. எடுத்து நீட்டினா யார் கொடுத்ததுன்னு கேப்பாரு. டெய்சி பேரைச் சொல்லணும். சொன்னா அடி அந்தப் பிள்ளைக்குத்தான் விழும். அதனாலதான் கொடுக்கல.

இல்ல. பொய். உங்கிட்ட எதுக்குப் பொய்? நீ தாழையூத்துலயோ ஜங்ஷன்லயோ எறங்கிப் போயிருவ. அந்த மனுஷன் என்னைய நல்லவன்னு சொல்லிக்கிட்டிருந்தாருமா. ஒரு வருஷமா அந்தச் சொல்ல யாரும் எங்கிட்டச் சொல்லல. என் மக சொல்லல, கூட வேலை பாத்தவன் சொல்லல. உக்காந்து கேட்டுக்கிட்டே இருந்துட்டேன். காப்பியையும் குடிச்சேன். நல்ல காப்பி.

இன்னொண்ணும் சொல்லிருதேன். கணேசமூர்த்தி பேரைச் சொன்னேன்லா, அவன் பாவம். அந்த விண்ணப்பம் ஒம்பது நாள் என் மேஜையிலதான் கெடந்துச்சு. ஒண்ணும் கேக்க மாட்டேன்னு மேடத்துக்குச் சொன்னது ஞாபகம் இருந்துச்சு. விட்டுரும்மான்னு அந்தப் பிள்ளைக்குச் சொன்னதும் ஞாபகம் இருந்துச்சு. தினமும் எடுத்து அந்த நாலு வரிய வாசிப்பேன், கீழ வைப்பேன். எம் பொண்ணா இருந்தா எனக்குத் தெரியணுமா வேண்டாமான்னு யோசிப்பேன். பெத்தவனுக்குத் தெரியாம ஒண்ணு இருக்கலாமான்னு தோணும். பத்தாம் நாள் சிவப்புப் பேனாவ எடுத்துப் பதினாலச் சுழிச்சேன். குறை உள்ள விண்ணப்பம், விதிப்படி அனுப்புதேன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். பொய்க் கையெழுத்தோட கொடுத்த ஆறு பேரும் படிச்சு முடிச்சு வேலைக்குப் போயிட்டாவ. உண்மையா வந்து கேட்டது இது ஒண்ணுதான். எய்தது நான்தாம்மா. அம்புன்னு சொன்னேனே, அம்பு இல்ல.

இப்ப உங்க குழுவுல படிவம் உண்டா? இல்லையா? போன் நம்பர் மட்டுமா? பேரு கூடச் சொல்ல வேண்டாமா? பெறகு எப்படி ஃபைல் போடுவீங்க, யாரு வந்தா யாரு போனான்னு எப்படித் தெரியும்? சரி சரி, அது உங்க பாடு. எனக்கு எதுக்கு.

கங்கைகொண்டான் தாண்டியாச்சு. இந்தக் கூட்டை நீ வச்சுக்கோ. எஸ்தர் மேடத்துக்கிட்டக் கொடு. நான் போனா மொகம் கொடுத்துப் பேச மாட்டாவ. கண்ணாடிக்கு ஒரு பக்கம் காலு லேசா ஆடும், டெய்சிதான் கறுப்பு நூல் சுத்தி வச்சிருக்கா. பத்திரிகையும் இந்தா. தை பதினொண்ணு. இன்னைக்கு மார்கழி பதினேழு. நாள் இருக்கு. அந்தப் பிள்ளைக்கு இருபத்திமூணு வயசு ஆச்சு. அது சம்மதம் இல்லாம ஒரு கட்டத்தையும் எவனும் நிரப்ப முடியாது. சட்டம் அப்படித்தான் இருக்கு. எனக்குத் தெரியும், நல்லாவே தெரியும்.

யாருக்குப் போன் போடுத? மேடத்துக்கா?

டெய்சிக்கா? டெய்சி இன்னும் அங்கதான் இருக்காளா? ஆராய்ச்சிக்குச் சேந்துட்டாளா? உங்க குழுவுலயா? உன் கூடவா?

இரு, இரு, இன்னும் போடாத. அவ குரலக் கேட்டா நான் எறங்கி ஓடிருவேன். முதல்ல விலாசத்த எழுது, அதைச் சொல்லிட்டுப் பெறகு பேசு. நேராப் போயிர வேண்டாம், மேடமும் ஒரு வக்கீலுமாச் சேந்து போகச் சொல்லு, எனக்குப் புத்தி இல்லாமப் போச்சு, அவங்களுக்காவது இருக்கட்டும். ஆமா, மூணாம் ஆளுக்கு விலாசம் கொடுக்கக் கூடாதுதான். அந்த விதி எனக்கு மறக்கல. நீ எழுதுன்னா எழுது.

செண்பகவல்லி, தகப்பனார் பேரு பால்ச்சாமி. மூணு பை நூத்திப்பதினாலு, வடக்குத் தெரு. மேலக் கருவைகுளம், கோவில்பட்டி வழி. பின்கோடு, ஆறு, ரெண்டு, எட்டு... இல்லம்மா, பாத்துச் சொல்லல. மனசுல இருக்கு. மீதி மூணு எண்ணையும் போடு, அஞ்சு, ஏழு, ரெண்டு. எங்க, திருப்பி வாசி.

சரியா இருக்கு. அன்னைக்கு நானும் இப்படித்தான் ரெண்டு தடவ சரி பாத்தேன். ஆறு எண்ணுல ஒண்ணு கோணலா விழுந்திருந்தாக்கூட அந்தக் கவர் ஊரு ஊராச் சுத்திட்டு எங்கிட்டயே திரும்பி வந்திருக்கும். விழல. என் கையெழுத்து அவ்வளவு தெளிவும்மா.